என் நோயை எல்லாரும் சொன்னார்கள்

என் இருதயம் நன்றாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை நிரூபிப்பதற்காக என்னை எத்தனை மேஜைகளில் படுக்க வைத்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் தைராய்டு நன்றாக இருக்கிறது. இரைப்பை நன்றாக இருக்கிறது. ரத்தத்தில் இரும்புச் சத்தும் போதுமான அளவு இருக்கிறதாம். எனக்கு வந்தது வேறு நோய். அதைக் கண்டுபிடிக்க ஊசியும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். என்னிடம் நாலு கேள்வி கேட்டிருந்தால் போதும். எனக்கு என்ன செய்கிறது என்று என்னைத் தவிர எல்லாரிடமும் கேட்டார்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பெயர் பரீதா. வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாலக்கரையில். வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஏ.சி. பொருத்தும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். இங்கே நான், என் மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகள் அஃப்ரீன். மாமியாரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமியார் கொடுமைக் கதை எதையும் இதில் எதிர்பார்க்காதீர்கள். மாமி நல்லவர். வீட்டுக்காரர் நல்லவர். எங்கள் டாக்டரும் நல்லவர். இத்தனை நல்லவர்கள் சுற்றி நின்றும் நான் அந்த நிலைக்குப் போனேனே, அதுதான் என் ஆத்திரம்.

எங்கள் டாக்டர் என்று நான் சொல்வது எங்கள் தெருவுக்கே டாக்டரான ஒருவரை. அஃப்ரீனுக்குத் தடுப்பூசி போட்டவர். என் மாமனார் படுக்கையில் கிடந்தபோது கூப்பிடாமலே வீடு தேடி வந்து பார்த்தவர். எங்கள் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நோன்புப் பெருநாளைக்கு அவர் வீட்டுக்குத்தான் முதல் பிரியாணி போகும்.

அந்த வருஷ ரமலானுக்கு முன்பு என் அம்மா மவுத்தாகி அடக்கமாகிவிட்டார். நான் ஒரே பெண். ஓத வேண்டியதை ஓதி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டு முடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அழுவதற்கு நேரம் அமையவில்லை. பிறகு அழுகையும் வரவில்லை. தூக்கமும் போய்விட்டது. சாப்பாடு வாயில் மண் மாதிரி இருந்தது. வேலை மட்டும் நிற்கவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு நாள் காலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. தொண்டையை யாரோ பிடித்து நெரிப்பது போல மூச்சு முட்டியது. வியர்வையில் புர்க்காவே நனைந்துவிட்டது. இதோ சாகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. ‘தெரிந்தது’ என்றுதான் சொல்ல வேண்டும், அதில் சந்தேகமே இருக்கவில்லை. அம்மா மண்டபம் ஸ்டாப்பில் தடுமாறி இறங்கி ஒரு பூக்கடை வாசலில் உட்கார்ந்தேன். பூக்காரம்மா சோடா வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வந்தது போலவே போய்விட்டது. இதற்குப் பெயர் பேனிக் அட்டாக் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஆபத்து எதுவும் இல்லாதபோதும் உடம்பு ஆபத்து வந்துவிட்டதாக நினைத்துப் பதறும். அந்தப் பதற்றம் தானாக அடங்கிவிடும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மறுபடியும் எப்போது வரும் என்ற பயம் அடங்காது. அந்தப் பயம்தான் ஆளைத் தின்றுவிடும்.

அன்று சாயங்காலம் எங்கள் டாக்டரிடம் போனோம். போனோம் என்றால் நான், மாமி, ஷார்ஜாவிலிருந்து வீடியோ காலில் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் யாரும் தனியாக டாக்டரிடம் போக மாட்டார்கள். தனியாகப் போனால் நாதியற்றவள் என்று அர்த்தம். கூட ஒருவர் வர வேண்டும், வந்தவர் நோயைச் சொல்ல வேண்டும், நோயாளி நாக்கை நீட்ட வேண்டும். இதுதான் முறை. ஆம்பளைகள் வெளிநாடு போன வீடுகளில் போனும் கூட வந்தவர் கணக்கில் சேர்ந்துவிட்டது. டாக்டர் மேஜையில் மாத்திரை டப்பா ஒன்றில் சாய்த்து வைத்தால், அதிலிருந்து புருஷன் பேசுவார். எங்கள் டாக்டர் அதற்கென்றே மேஜையில் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

“என்ன செய்யுது இவங்களுக்கு?” என்று டாக்டர் மாமியைக் கேட்டார்.

“காலையில ஒரு வாய் சாப்புடறதில்ல டாக்டர். வெறும் டீயைக் குடிச்சுட்டு பஸ்ஸைப் புடிக்க ஓடுறா. வாய்வு நெஞ்சுல ஏறிக்கிச்சு.”

“டாக்டர், எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துருங்க,” என்றது போன். “செலவைப் பத்தி யோசிக்காதீங்க.”

“நான் பாத்துக்கறேன் தம்பி, நீங்க கவலைப்படாதீங்க,” என்று டாக்டர் என் கை நாடியைப் பிடித்துக்கொண்டே போனுக்குப் பதில் சொன்னார்.

நான் ஒரே ஒருமுறை வாயைத் திறந்தேன். “டாக்டர், எனக்குத் தூக்கமே...”

“போனை நோண்டிக்கிட்டே கெடந்தா தூக்கம் எப்படிப்பா வரும்?” என்றார் மாமி. டாக்டர் சிரித்தார். போனும் சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியிருந்தது. வாய்வுக்கு மாத்திரை எழுதினார், சத்துக்கு ஒரு ஊசி போட்டார், அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனை முறை போனேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் ஈசிஜி சரியாக இருக்கும். பிறகு தைராய்டு. பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். தலை சுற்றல் என்று மாமி சொன்னதால் காதைப் பார்த்தார்கள். எந்த டெஸ்ட்டிலும் எதுவும் இல்லை என்று வர வர எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் அடுத்த டெஸ்ட்டிலாவது ஏதாவது இருந்துவிடாதா என்று இருந்தது. கேட்கவே கோணலாக இருக்கிறது, இல்லையா? ஒரு பெரிய நோயின் பெயராவது கிடைத்தால் படுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெண் ஏங்கினாள் என்றால் அவள் எவ்வளவு களைத்திருந்திருக்க வேண்டும்!

எட்டாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது ஒரு நாள் விழுந்துவிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் பதறிப்போய் ஆட்டோ பிடித்து டவுனில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார். நெஞ்சு வலி என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், தீவிர சிகிச்சைப் பிரிவு. மார்பில் ஒட்டிய வயர்கள், தலைக்கு மேலே ஓயாமல் கூவும் மெஷின், பக்கத்துப் படுக்கையில் மூச்சுக்குத் திணறும் ஒரு பெரியவர். பதற்ற நோய் உள்ளவளைக் கொண்டுபோய் வைப்பதற்கு இதைவிட மோசமான இடத்தை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கை மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, இருதயத்தின் ரத்தக்குழாய்களில் அடைப்பு உண்டா என்று படம் எடுத்தார்கள். ஆஞ்சியோ என்கிறார்கள். வெளியே மாமி தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதிக்கொண்டிருந்தார். அஃப்ரீன் வராந்தா நாற்காலியில் பிசிக்ஸ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் போனும் கையுமாக இருந்தார்.

மறுநாள் இருதய டாக்டர் வந்தார். என் தலைமாட்டில் நின்று, என் மாமியைப் பார்த்து, “ஒண்ணுமே இல்லம்மா. எல்லாம் நார்மல். சந்தோஷமா கூட்டிட்டுப் போங்க. டென்ஷனைக் குறைக்கச் சொல்லுங்க,” என்றார்.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றார் மாமி. போனில் வீட்டுக்காரர் அழுதுவிட்டார். நானும் அழுதேன். அவர்கள் அழுததற்கும் நான் அழுததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒண்ணுமே இல்லை! படித்த மனிதர்கள் எப்படி இந்த வார்த்தையைக் கூசாமல் சொல்கிறார்கள்? பாலத்தின் மேல் பஸ் ஏறினால் கை கால் நடுங்குகிறது, பல மாதமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, இதெல்லாம் ஒன்றும் இல்லையா? அவருடைய மெஷினில் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ‘இருதயத்தில் இல்லை, வேறு எங்கே என்று பார்ப்போம்’ என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம். டென்ஷனைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றாரே, எப்படிக் குறைப்பது என்று மாமிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. பில்லைக் கட்டி முடிக்க வீட்டுக்காரர் ஓவர்டைம் எடுத்துக்கொண்டார். அந்த பில்லில் எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருந்தது, பஞ்சுக்குக்கூட.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையில் விழுந்தேன். ஒண்ணும் இல்லை என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டதால் இனி முறையிட எனக்கு உரிமை இல்லை. லீவு போட்டேன். ஜன்னலைத் திறக்கவில்லை. தலை வாரவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு நோயைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். சூடு என்றார் இன்னொருவர். இந்த வயசில் பொம்பளைகளுக்கு வருவதுதான் என்றார் மூன்றாமவர். மாமி யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் போனதும் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சி எடுத்துவந்து, நான் குழந்தை போல வாயை மூடிக்கொண்டாலும் கோபப்படாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கஞ்சி ஆறினால் சூடு பண்ணிக்கொண்டு மறுபடி வருவார். அந்தக் கஞ்சிக்கு நான் நன்றி மறக்க மாட்டேன். ஆனால் கஞ்சி மருந்தில்லை.

சாப்பிடாமல் கிடந்து உடம்பில் நீர் வற்றி, குளியலறையில் மயங்கி விழுந்தேன். மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. இந்த முறை சாதாரண வார்டு. கையில் குளுக்கோஸ். மறுநாள் காலை நடந்ததைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அவசரத்தில் வந்ததால் போன் சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டோம். காலையில் போன் அணைந்துவிட்டது. மாமி இட்லி வாங்கவும், சார்ஜர் கேட்டு வாங்கவும் கீழே இறங்கினார். அஃப்ரீன் பரீட்சைக்குப் போயிருந்தாள். நோய் வந்த நாளிலிருந்து முதல்முறையாக என் படுக்கையைச் சுற்றி யாருமே இல்லை. அந்த நேரம் பார்த்து டியூட்டி டாக்டர் வந்தது. சின்னப் பெண், தொட்டியத்துக்காரி, படிப்பு முடித்து வந்து அதிக நாள் ஆகியிருக்காது. கேட்பதற்கு வேறு யாரும் இல்லாததால் என்னையே கேட்டது.

“சாப்பிட்டீங்களாக்கா?”

“இல்ல.”

“பசிக்கலையா, இல்ல பிடிக்கலையா?”

என்னிடம் இப்படி யாரும் பிரித்துக் கேட்டதே இல்லை. “பிடிக்கல,” என்றேன்.

“வேற எதெல்லாம் பிடிக்கல?”

அந்தப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. “மனசு சோர்ந்துபோய், எதுலயும் நாட்டமே இல்லாம இருக்கா? எப்பலேர்ந்து?”

“அம்மா போனதுலேர்ந்து.”

“காலையில முழிச்சதும் என்ன தோணும்?”

கதவைப் பார்த்தேன். “யாரும் இல்லக்கா, சொல்லுங்க,” என்றது.

“ஏன் விடிஞ்சுதுன்னு தோணும்.”

“உயிரை விட்டுடலாம்னு தோணுதா?”

“விடணும்னு இல்ல. இருக்க வேணாம்னு.”

அந்தப் பெண் அதிர்ச்சி காட்டவில்லை, அல்லாவை நினைத்துக்கொள் பகவானை நினைத்துக்கொள் என்று புத்தி சொல்லவில்லை, உனக்கென்ன குறைச்சல் என்று கேட்கவில்லை. “நல்லவேளை சொன்னீங்க. இதுவும் ஒரு நோய்தான்க்கா. இதுக்கு வைத்தியம் இருக்கு. இன்னைக்கே மனநல டாக்டரை வரச் சொல்றேன்,” என்றது. மாமி இட்லிப் பொட்டலமும் கடன் வாங்கின சார்ஜருமாக வந்து நின்றபோது நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அம்மாவுக்காக அன்றுதான் அழுதேன்.

ஒரு போனில் சார்ஜ் இருந்திருந்தால் இந்தக் கேள்விகளுக்கு எனக்குப் பதிலாக ஷார்ஜா பதில் சொல்லியிருக்கும். ஒரு பெண்ணின் உயிர் இதிலா தொங்க வேண்டும்? இதை நினைக்கும்போது எனக்கு நிம்மதி வருவதில்லை, கொதிக்கிறது.

மனநல டாக்டர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மாமி போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “மெல்லப் பேசும்மா. வயசுப் பொண்ணு வெச்சிருக்கோம்,” என்று டியூட்டி டாக்டரிடம் கெஞ்சினார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் பைத்தியம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அஃப்ரீனுக்கு வரும் சம்பந்தம் தெருமுனையோடு திரும்பிவிடும். சாயங்காலம் அந்த டாக்டரம்மா வந்தபோது மாமி தானே எழுந்து வெளியே போனார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். போகும்போது என் போர்வையை இழுத்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மாவின் கிளினிக் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில், அவர் வீட்டின் முன்னறையில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன். என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம்தான், அதுதான் சங்கடம். அந்த வெயிட்டிங் ரூமில் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். எல்லாருடைய கண்ணும் சுவரில் இருக்கும் பெருமாள் படத்தில் நிலைகுத்தி நிற்கும். நான் ஒருத்திக்குத்தான் அங்கே படம் இல்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் என் மாணவன் ஒருவனின் அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. “தலைவலிக்கு வந்தேன் டீச்சர்,” என்றார் நான் கேட்காமலே. “நானும்தான்,” என்றேன்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் புரியும்படி சொன்னார். எனக்கு இரண்டு நோய் கலந்து இருந்தது. பதற்றம் என்பது நடக்காததை நினைத்து உடம்பே எந்நேரமும் பரபரப்பில் இருப்பது. மனச்சோர்வு என்பது வெறும் வருத்தம் இல்லை. தூக்கம், பசி, ஆசை, யோசனை எல்லாவற்றையும் அது கீழே இழுத்துவிடும். மாத்திரை உடனே கேட்காது, சில வாரம் பிடிக்கும். ஆரம்பத்தில் குமட்டும், அதற்காக நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையோடு பேச்சும் வேண்டும். பாலத்தைக் கண்டு பயந்தால் பாலத்தைத் தவிர்க்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்து பழக வேண்டும். அஃப்ரீன் என்னோடு பஸ்ஸில் வந்து, பாலம் முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவாள்.

கொஞ்சம் தேறிய பிறகு ஒரு நாள் கேட்டேன். “இது இவ்வளவு தூரம் வராம தடுத்திருக்க முடியுமா டாக்டர்?”

“எல்லாருக்கும் முடியும்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க விஷயத்துல நெறையத் தடுத்திருக்கலாம்,” என்றார். “முதல்ல படபடப்புன்னு போனேளே, அன்னிக்கே உங்க குடும்ப டாக்டர் உங்களைத் தனியா உக்காத்தி வெச்சுக் கொஞ்சம் பேசியிருந்தா போதும். அம்மா போன துக்கம், தூக்கமில்லாதது, எல்லாம் அப்பவே வெளியில வந்திருக்கும். பாதிப் பேருக்கு அந்த நேரத்துல மாத்திரையே வேண்டியிருக்காது. என்கிட்ட வர்றவா எல்லாரும் முத்தின பிறகுதான் வரா. அதுக்கு முன்னாடி அவா எல்லாரும் ஒரு டாக்டரைப் பாத்துட்டுத்தான் இருந்திருக்கா.”

அன்று பஸ்ஸில் திரும்பும்போது பாலத்தைக் கடந்ததே எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு கோபம். நேரே எங்கள் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன், தனியாக.

“கூட யாரு வந்திருக்கா?” என்று கம்பவுண்டர் கேட்டார்.

“யாரும் வரல. நோய் எனக்குத்தான்,” என்றேன்.

உள்ளே போனதும் டாக்டர் எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். “மாமி வரலையா?”

“இல்ல டாக்டர். இன்னைக்கு நான் பேச வந்தேன்.” உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. முதலில் வருத்தம், பிறகு கொஞ்சம் ரோஷம்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பரீதா? நான் என்ன அந்நியனா?”

“எங்க வெச்சு சொல்றது? இந்த மேஜை மேல என் புருஷன் இருந்தாரு. அந்த ஸ்டூல்ல மாமி. உயிரோட இருக்கப் பிடிக்கலன்னு அவங்க ரெண்டு பேர் முன்னாடியும் சொல்லணுமா நான்? ஒருத்தர் ஷார்ஜாவுல செத்துருப்பாரு, இன்னொருத்தர் இங்கயே செத்துருப்பாங்க.”

“வெளிய எத்தனை பேர் உக்காந்திருக்காங்க பாருங்க. ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சு மனசு எப்படி இருக்குன்னு கேட்டா நான் எப்ப வீட்டுக்குப் போறது?”

“ஒவ்வொருத்தரையும் கேக்க வேணாம் டாக்டர். எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு வந்தும் திரும்பத் திரும்ப வந்து நிக்கிறவங்களக் கேளுங்க. வீட்டுல மவுத்து விழுந்து வந்தவங்களக் கேளுங்க. புள்ள பெத்துட்டு அழுதுக்கிட்டு வர்றவளக் கேளுங்க. யாருக்கு என்ன நடந்துச்சுன்னு இந்தத் தெருவுல உங்களுக்குத் தெரியாததா? எங்கம்மா மவுத்துக்கு நீங்களும்தானே வந்தீங்க! சர்டிஃபிகேட்டே நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க!”

என்னால் நிறுத்த முடியவில்லை.

“என் கிளாஸ்ல ஒருத்தனக் கேள்வி கேட்டா பக்கத்துல இருக்கறவன் வாயைத் தொறக்கக் கூடாது. எட்டாங்கிளாஸ் பையனுக்கு நான் குடுக்குற மரியாதை அது. நீங்க எனக்குக் குடுக்கல டாக்டர்.”

“உக்காருங்க,” என்றார் கடைசியில். உட்கார்ந்தேன். என் கையில் பட்டையைச் சுற்றி பிபி பார்த்தார். ஏறித்தான் இருந்தது. “எனக்கு இதெல்லாம் கொஞ்ச நாள்தான் சொல்லிக்குடுத்தாங்க. நானும் அதோட விட்டுட்டேன்,” என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை. டாக்டரம்மாவின் போன் நம்பரை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்குச் சில மாதம் கழித்து வீட்டுக்காரர் லீவில் வந்தார். நான் மாத்திரை விழுங்கும்போது தண்ணீர்க் குவளையோடு பக்கத்தில் நின்றார். பஸ் ஸ்டாண்ட் வரை வந்து ஏற்றிவிட்டார். எனக்குப் பிடிக்கும் என்று பரோட்டா வாங்கிவந்தார். ஆனால் அவர் சாப்பிடவில்லை, பிய்த்துப் பிய்த்து வைத்தார். போன வருஷச் சட்டை அவர் மேல் தொளதொளவென்று தொங்கியது. போன் மணி அடித்தால் திடுக்கிட்டார். விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு நான் எழுந்தால் அவர் ஏற்கெனவே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “பிபியா இருக்கும், விடு,” என்றார். எங்கள் டாக்டரிடம் போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

அறைக்குள் போய் அவர் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டேன். “டாக்டர், இவருக்கு ராத்திரி தூக்கமே இல்ல. சாப்பாடும்...”

டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். “நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா.”

“நானா?” என்றேன்.

“அவளும் இருக்கட்டும் டாக்டர்,” என்றார் வீட்டுக்காரர். “அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

“தெரியட்டும். நான் உங்களத்தான் கேக்கணும்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நான் யார், ரோட்டில் போகிறவளா? இவர் பெண்டாட்டி இல்லையா? இவருக்கு என்ன செய்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கதவை நான் சாத்திய வேகத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. கதவருகிலேயே நின்றேன்.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டரின் குரல், சுருக்கமாக. பிறகு என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. தணிந்த குரலில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக போனில் “நல்லாருக்கேன், நீ எப்படி இருக்கே?” என்பதற்கு மேல் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை அவர். என்னிடம் சொல்லாததை அங்கே சொல்லிக்கொண்டிருந்தார். வலித்தது. அந்த ஆள் இத்தனை நாள் அங்கே தனியாக என்ன பாடுபட்டாரோ என்று நினைத்தபோது அதைவிட அதிகமாக வலித்தது. நடுவில் குரல் உடைந்தது. கொஞ்சம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. “உள்ள போன ஆளு தூங்கிட்டாரா?” என்று ஒருவர் சத்தமாகக் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அடுத்த டோக்கன்காரர் கையில் இருந்த சீட்டைக் காட்டிக் கம்பவுண்டரிடம் சண்டை போட்டார். கம்பவுண்டர் எழுந்து வந்து கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். நான் அவருக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றேன்.

“தட்டாதீங்க,” என்றேன். “உள்ள என் வீட்டுக்காரர் பேசிக்கிட்டு இருக்காரு.”